அம்மாவை ஊட்டிக்குக் கூட்டிப் போகிறேன்: மலை ரயிலா, காரா? மே மாதமா, வேறு மாதமா?

தஞ்சைப்பையன்
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் கிராமம், பிறந்ததிலிருந்து வயலும் வாய்க்காலும் தென்னையும்தான் பார்த்திருக்கிறார். உயரம் என்றால் அவருக்குப் பெரிய கோயில் விமானமும் திருச்சி மலைக்கோட்டையும்தான். போன வாரம் டிவியில் நீலகிரி மலை ரயிலைக் காட்டினார்கள், அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கடைசி வரை பார்த்தார். முடிந்ததும் "இதில் நம்மை எல்லாம் ஏற்றுவார்களா?" என்று கேட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நான், மனைவி, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், அம்மா, நாலு பேர். மே மாதம் இரண்டு நாள் என்று யோசனை. தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா, பைக்காரா, சிம்ஸ் பார்க், டால்பின் நோஸ், லேம்ஸ் ராக், தேயிலைத் தொழிற்சாலை, கோடநாடு, நேரமிருந்தால் அவலாஞ்சி. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வாடகைக் கார் நல்லதா, ரயில் நல்லதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரி
தம்பி, நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது பதினோரு இடம். மே மாதத்தில் இரண்டு நாளில் இவ்வளவையும் பார்க்கக் கிளம்பினால் உங்கள் அம்மா பார்க்கப்போவது முன்னால் நிற்கிற வண்டியின் பின்பக்கத்தைத்தான். சனி ஞாயிறில் குன்னூரிலிருந்து ஊட்டி வரைக்கும் 20 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆனதை நானே அனுபவித்திருக்கிறேன். என் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்த அன்று நாங்கள் இருந்த ஆம்புலன்ஸ் அந்த நெரிசலில் நின்றது. அதற்கப்புறம் மே மாதம் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காரில் வருவதானால் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கிற வண்டி அனுமதிச் சீட்டு, கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6000 வண்டி, வார இறுதியில் 8000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வந்தால் இந்தத் தொல்லை கிடையாது.

மே வேண்டாம். செப்டம்பர் கடைசியில் வாருங்கள், அதைத்தான் நாங்கள் இரண்டாவது சீசன் என்போம். பூங்காவிலும் அதற்கென்று தனியாகப் பூ வைத்திருப்பார்கள்.

ரயில்பித்து
அம்மா கேட்டது ரயிலைத்தானே, அப்புறம் கார் எதற்கு? ஏறுவதற்கு ரயில், இதில் இரண்டாவது பேச்சே வேண்டாம்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும். ஊட்டி வரை 46 கிலோமீட்டர், போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று பாப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள்: கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் வரும், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறும். 12 மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் மேலே ஏறுகிற சரிவு அது, வெறும் சக்கரம் என்றால் வழுக்கிவிடும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் முன் பெட்டியில் இருப்பவர்களுக்குக் காடும் குகையும் நேரே தெரியும். குன்னூர் வரைக்கும் நீராவி, அங்கே டீசல் எஞ்சினுக்கு மாறும். குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் போட்ட பாதை. 16 குகை, 250 பாலம், 208 வளைவு. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

முக்கியமான விஷயம், பெட்டியில் கழிப்பறை கிடையாது. நிறைய பேர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வழியில் நிலையங்களில் நிற்கும், அப்போது இறங்கிப் போய் வரலாம். ஹில்குரோவில் டீ, வடை கிடைக்கும், குரங்கும் நிறைய இருக்கும், கையில் தின்பண்டத்தோடு நிற்காதீர்கள்.

முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும். திறந்த அன்று காலையிலேயே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள்.

கியர்மாமா
கோவையிலிருந்து 22 வருடமாக மலைக்கு வண்டி ஓட்டுகிறேன். எனக்குத் தொழில் கார்தான், இருந்தாலும் ரயில்பித்து சொன்னதே சரி. ஏறும்போது ரயில், இறங்கும்போது பஸ்ஸோ காரோ.

சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபத்தோடுதான் சொல்கிறேன். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் நாலாவது கியரில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார்கள், பாதி மலையில் பிரேக் சூடாகி வாடை வரும், அதற்கப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. பர்லியார் பக்கம் அப்படி நின்ற வண்டிகளுக்கு எத்தனையோ முறை கல் வைத்துக் கொடுத்திருக்கிறேன். கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. மசினகுடி போகிற கல்லட்டிப் பாதையில் 36 வளைவு, அங்கே வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்க விடுவதில்லை. மேப் காட்டுகிறது என்று யாரும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, பொங்கல் வடை என்று கட்டிக்கொண்டும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி போதும். முன் இருக்கை, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், போனைப் பார்க்காதீர்கள். காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள்.

ரெண்டுபிள்ளைஅப்பா
மே வேண்டாம், மே வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை எனக்கு. பிள்ளைகளுக்கு லீவு மேயில்தான், வீட்டில் தகரக் கூரை, ஏப்ரல் மே வந்தால் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் தூக்கம் கிடையாது. வருடத்தில் ஒரு நாள் குளிர்ந்த காற்று படட்டும் என்று பஸ் ஏறிப் போகிறோம். எங்களைப் போன்றவர்களையும் வராதே என்றால் மலை யாருக்கு? பங்களா வாங்கிப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கா?

குன்னூர்க்காரி
அண்ணா, உங்களை வராதே என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, மனசும் இல்லை. ஐம்பது பேர் ஒரே பஸ்ஸில் வருகிறீர்கள். ஒரு பஸ் அடைக்கிற இடத்தில் மூன்று கார்தான் நிற்கும், அந்த மூன்றில் பன்னிரண்டு பேர் வருவார்கள். நெரிசலுக்குக் காரணம் நீங்கள் இல்லை. நான் எழுதியதில் உங்களையும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது, அது என் தவறு.

ஆனால் கோடையில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிறோம், அதே நாளில் லாட்ஜுகளுக்கு லாரி லாரியாகத் தண்ணீர் போகிறது. இதையும் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன். மேயில் வருவதென்றால் செவ்வாய், புதன் பார்த்து வாருங்கள். அண்ணா, உங்கள் பிள்ளைகளோடு குன்னூர் சிம்ஸ் பார்க்கில் ஒரு முழு மதியம் உட்காருங்கள், 1874இலிருந்து வளர்கிற மரங்கள், அந்த நிழல் வேறு எங்கேயும் கிடைக்காது.

ரெண்டுபிள்ளைஅப்பா
சரி அக்கா. புதன்கிழமை வருகிறோம்.

பச்சைத்தேயிலை
கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. படகர் குடும்பம். தஞ்சைத் தம்பி, உங்கள் பட்டியலில் கோத்தகிரி என்ற பேரே இல்லையே. பதினோரு இடத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஒரே ஊரில் மூன்று ராத்திரி தங்குங்கள். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து முதலில் வீடு கட்டியது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில்தான், ஊட்டிக்குப் போனதெல்லாம் அப்புறம். அந்த வீடு இப்போது சின்ன அருங்காட்சியகமாக இருக்கிறது, படியெல்லாம் அதிகம் இல்லை.

லாங்வுட் சோலை இருக்கிறது, ஊரை ஒட்டியே, 116 ஹெக்டேர். உள்ளே கால் வைத்தால் பகலிலேயே இருட்டும். சுற்றியிருக்கும் கிராமங்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான். 2024இல் ராம்சர் தளம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அறிவித்திருக்கிறார்கள். அப்புறம் கோடநாடு காட்சிமுனை, வண்டி கிட்டத்தட்ட கிட்டேயே போகும், அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை. கீழே மாயாறு பள்ளத்தாக்கும் தூரத்தில் பவானிசாகர் அணையும் தெரியும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தோட்டப் பாதையில் நடக்காதீர்கள். காட்டுமாடும் கரடியும் ஊருக்குள்ளேயே வருகிற காலம் இது. காட்டுமாடு அமைதியாக நிற்கிறதே என்று செல்ஃபி எடுக்கப் போய்க் குத்து வாங்கியவர்கள் உண்டு.

சோலைக்குருவி
தேயிலைத் தோட்டத்தைப் பார்த்து "ஆஹா இயற்கை" என்று படம் போடுகிறார்கள், எனக்கு மனசு வலிக்கிறது. அங்கே இருந்தது புல்வெளியும் சோலையும். மலை உச்சியெல்லாம் புல், மடிப்பு மடிப்பான பள்ளங்களில் குட்டை மரச் சோலை, இதுதான் நீலகிரியின் சொந்த முகம். மழை பெய்தால் அந்தப் புல்லும் பாசியும் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடை வரைக்கும் சொட்டுச் சொட்டாக விடும். குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான், 12 வருடத்துக்கு ஒரு முறை. அதை அழித்துத் தேயிலை, தைலமரம், சீகை மரம் என்று நட்டுவிட்டோம். பச்சையாக இருப்பதெல்லாம் காடு இல்லை, இது பச்சைப் பாலைவனம்.

பச்சைத்தேயிலை
நீங்கள் சொல்வது உண்மைதான், மறுக்கவில்லை. என் பாட்டி காலத்தில் சாமையும் கோதுமையும் உருளைக்கிழங்கும் போட்டோம், அப்புறம் தேயிலைக்கு மாறச் சொன்னார்கள், மாறினோம். இன்றைக்குப் பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலையில் பறிகூலிகூடச் சில மாதம் வருவதில்லை. தைலமரக் காட்டை நட்டது நாங்கள் இல்லை. என் ஒன்றரை ஏக்கரைப் பார்த்துப் பச்சைப் பாலைவனம் என்று யாராவது சொல்லும்போது எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. ஓடைக் கரையில் பத்து அடி விட்டு நாவல், விக்கி என்று சோலை மரங்கள் நட்டிருக்கிறேன், ஆறு வருடம் ஆகிறது, இப்போது குருவி வருகிறது. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சோலைக்குருவி
உங்களைப் போன்ற சின்ன விவசாயியை நினைத்து நான் அப்படி எழுதவில்லை. இருந்தாலும் அந்த வார்த்தை உங்கள் மேல்தான் விழுந்திருக்கிறது, மன்னியுங்கள். ஓடைக்கரை மரங்களின் படம் இருந்தால் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

தஞ்சைப்பையன்
எல்லோருக்கும் நன்றி. பட்டியலைக் கிழித்துவிட்டேன்! காலாண்டு விடுமுறையில் போகிறோம், மகளின் பள்ளிக்கும் ஒத்து வருகிறது. தஞ்சாவூரிலிருந்து ரயிலில் கோவை, ராத்திரி மேட்டுப்பாளையத்தில் தங்கி மறுநாள் மலை ரயில். கோத்தகிரியில் மூன்று ராத்திரி. இன்னும் சில சந்தேகம். குளிர் எவ்வளவு இருக்கும்? மழை வருமா? அம்மாவின் மாத்திரைக்கு என்ன செய்வது, காலையில் அதைச் சாப்பிட்டால் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போவார்.

வார்டுஅக்கா
முப்பது வருடம் செவிலியாக இருந்தேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ தள்ளிப் போடவோ வேண்டாம், கிளம்புவதற்கு முன்னால் மருத்துவரிடம் ரயிலில் கழிப்பறை இல்லை என்பதைச் சொல்லி எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கேளுங்கள். தண்ணீர் குடிப்பதையும் குறைக்க விடாதீர்கள், வயதானவர்கள் பயணம் என்றாலே அதைத்தான் செய்வார்கள். ஊட்டியின் உயரம் 2240 மீட்டர், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் முதல் நாள் ஏற்றத்தில் நடக்க வைக்காதீர்கள். குளிரில் முழங்கால் இறுகும், காலுறையோடு படுக்கச் சொல்லுங்கள். லாட்ஜில் கீழ்த்தளத்து அறையும் வெந்நீரும் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது மூன்றாம் மாடி அறையைத் தலையில் கட்டிவிட்டார்கள், என் மாமியார் இரண்டு நாளும் கீழேயே இறங்கவில்லை.

குன்னூர்க்காரி
செப்டம்பர் கடைசியில் பகலில் வெயில் சுகமாக இருக்கும், ராத்திரி ஒரு ஸ்வெட்டரும் கம்பளியும் வேண்டும். உறைபனியெல்லாம் டிசம்பர், ஜனவரியில்தான். மழையைப் பொறுத்தவரை ஒரே மலைக்கு இரண்டு கணக்கு. ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. அக்டோபர் பாதிக்கு மேல் ரயிலும் அடிக்கடி ரத்தாகும். அதற்கு முன்னால் வந்துவிட்டுப் போங்கள்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே தடை, வழியில் பிடித்து நிரப்பிக்கொள்ளக் குடிநீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள்.

தஞ்சைப்பையன்
போய் வந்தோம். பத்து நாள் ஆகிறது, இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

மேட்டுப்பாளையத்தில் காலை ஐந்தரைக்கே அம்மா குளித்து, நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்துத் தயாராகிவிட்டார். நடைமேடையில் எஞ்சின் பக்கத்தில் போய் நின்றவர் நகரவே இல்லை, எங்கள் ஊர் அரைவை மில்லின் பழைய எஞ்சின் வாடை வருகிறது என்றார். கல்லாறு தாண்டிப் பல்சட்டத்தில் ஏறியதும் ஒரு குலுக்கல் வந்தது, அம்மா என் கையைப் பிடித்தார், அடுத்த குகை வருவதற்குள் விட்டுவிட்டார். ஒவ்வொரு குகையிலும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கத்தின, மூன்றாவது குகையிலிருந்து அம்மாவும் கத்தினார். என் அம்மா சத்தம் போட்டுச் சிரித்துப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கு ஞாபகம் இல்லை.

கழிப்பறை விஷயம் நல்லபடியாகப் போயிற்று. மருத்துவர் அன்று ஒரு நாள் மட்டும் மாத்திரை நேரத்தை மாற்றித் தந்தார். ரயில்பித்து அண்ணாவுக்கு மகள் தனியாக நன்றி சொல்லச் சொன்னாள், பல்சக்கரத்தைப் படமாக வரைந்து வைத்திருக்கிறாள்.

ஊட்டியில் இறங்கித் தாவரவியல் பூங்காவில் மட்டும் ஒரு மதியம் இருந்தோம். 1848இல் தொடங்கிய பூங்கா என்று பலகை பார்த்துச் சொன்னேன். அம்மாவுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை, புல்தரையில் ஒரு களைகூட இல்லையே, எத்தனை ஆள் வேலை செய்வார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் பஸ்ஸில் கோத்தகிரி.

கோடநாட்டுக்கு முதல் நாள் போனபோது வெறும் மூடுபனி. வெள்ளைத் துணி கட்டிய மாதிரி ஒன்றும் தெரியவில்லை. பழைய பட்டியல்படி போயிருந்தால் அத்தோடு அடுத்த இடத்துக்கு ஓடியிருப்போம். தங்குவதுதான் அங்கேயே ஆயிற்றே, மறுநாள் காலையில் திரும்பவும் போனோம். பத்து மணி வாக்கில் மூட்டம் விலகியது. கீழே பள்ளத்தாக்கு, அதில் நூல் மாதிரி மாயாறு, தூரத்தில் தகதகவென்று அணைத் தண்ணீர். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அந்தத் தண்ணி எங்கே போகுது?" என்றார். மாயாறு பவானிசாகரில் பவானியோடு சேருகிறது, பவானி காவிரியில் சேருகிறது என்று சொன்னேன். "அப்போ நம்ம ஊருக்கு?" என்றார். ஆமாம், கல்லணை வழியாக நம் ஊருக்குத்தான் என்றேன்.

ஐம்பது வருடமாக வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று ஜூன் மாதம் பூராவும் காத்துக் கிடந்த மனுஷி. அங்கே நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் லாங்வுட் சோலை ஓரத்தில் மண்ணைத் தொட்டுப் பார்த்தார், மழை இல்லாமலே பிழிந்தால் தண்ணீர் வருகிற மாதிரி ஈரம். சோலைக்குருவி எழுதிய பஞ்சுக் கதையை அங்கேதான் அவருக்குச் சொன்னேன்.

சோலைக்குருவி
இதைப் படித்துவிட்டு என் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

ஈரோட்டுமஞ்சள்
தம்பி, நல்ல பதிவு. ஒரு திருத்தம் மட்டும். பவானிசாகர் தண்ணீரில் பெரும்பகுதி கீழ்பவானி வாய்க்கால், கொடிவேரி, காலிங்கராயன் என்று எங்கள் மாவட்டத்து வயல்களுக்கே போய்விடுகிறது. மழை நன்றாக இருக்கிற வருடத்தில்தான் மிச்சம் அதிகமாகக் காவிரிக்கு வரும். உங்கள் ஊர்த் தண்ணீருக்கு முக்கியமான இடம் மேட்டூர்தான். அம்மா கேட்டால் சரியாகச் சொல்லிவிடுங்கள்.

தஞ்சைப்பையன்
சொல்லிவிட்டேன் அண்ணா. "அவங்களும் விவசாயம் பண்றவங்கதானே" என்றார். இப்போது அந்த இரண்டு ஆறும் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஈரோடு ஸ்டேஷனிலிருந்து பவானி கூடுதுறை எவ்வளவு தூரம்? முழங்காலுக்கு ஒத்து வருமா?

ஈரோட்டுமஞ்சள்
15 கிலோமீட்டர் இருக்கும், பஸ் அடிக்கடி உண்டு. சங்கமேஸ்வரர் கோயிலை ஒட்டியே ஆறு. படித்துறையில் பாசி இருக்கும், இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கும் ஆடி அமாவாசையும் மட்டும் வேண்டாம், கூட்டத்தில் அம்மாவுக்கு நிற்க இடம் இருக்காது. தை மாதம் வாருங்கள், நம் வீட்டிலேயே சாப்பாடு.